மணி கேட்கும் வீடு

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர் வருமா, வெளிச்சம் வருமா என்று கேட்பார்கள். என் அண்ணி வாசலில் நின்றுகொண்டு, "உள்ளே போங்க, உள்ளே போங்க, படியில நிக்காதீங்க," என்பாள்.

அண்ணி பஸ் கண்டக்டர். எந்த வீடும் அவள் கண்ணுக்கு முதலில் பஸ்தான். என்னையும் தன் மகளையும் வீட்டுத் தரகரையும் ஹாலின் கடைசிச் சுவர்வரை தள்ளிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு, மிச்சம் எவ்வளவு இடம் என்று பார்ப்பாள். "நாலு பேர் நின்னாலே மூச்சு முட்டுது. இதுல எங்கே உட்கார்றது, எங்கே படுக்கிறது? இறங்குங்க, இறங்குங்க," என்று சொல்லி, முதல் ஆளாகப் படியிறங்கிவிடுவாள். வீட்டுக்காரர் பின்னாலேயே ஓடி வருவார். "ஏங்க, பெட்ரூமைப் பார்க்கவே இல்லையே!"

"ஹாலே இப்படி இருந்தா பெட்ரூம் எப்படி இருக்கும்னு தெரியாதா? டிரைவர் சீட்டைப் பார்த்தாலே பஸ்ஸு தெரிஞ்சிடும்."

எங்களுக்கு வேண்டியிருந்தது நகரத்து உயர்நிலைப் பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு வீடு. அப்போது நாங்கள் இருந்தது ஊரின் கடைசியில். அங்கிருந்து பள்ளிக்கு இரண்டு பஸ் மாறவேண்டும். என் காலத்திலும் அப்படித்தான். இரண்டாவது பஸ் வந்த நாளில் பள்ளிக்குப் போனேன், வராத நாளில் வீட்டுக்குத் திரும்பினேன். வராத நாள் கூடிக்கொண்டே போய், ஆறாவதோடு நின்றேன். இப்போது வீட்டிலேயே ஜன்னல் திரைக்கும் பேன்ட்டுக்கும் ஓரம் அடித்துக் கொடுக்கிறேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் அண்ணிக்குத்தான். நான் படித்தபோது அவள் எங்கள் வீட்டுக்கே வரவில்லை, கண்டக்டராகவும் இல்லை. ஆனாலும் அந்த வராத பஸ்ஸைத் தன் கணக்கிலேயே வைத்திருந்தாள். "எங்க பஸ்ஸாலதான் இந்த வீட்டுல ஒருத்தி படிப்பு நின்னுச்சு. இன்னொருத்தி படிப்பு நிக்கிறதைப் பார்த்துக்கிட்டு நான் டிக்கெட் கிழிக்கணுமா?" என்பாள்.

அந்தப் பள்ளியில் ஒரு பழைய விதி உண்டு. கட்டியவர் சொல்லிவிட்டுப் போனதாம். பள்ளி மணி எந்த வீட்டில் கேட்கிறதோ, அந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் முதல் இடம். மற்ற ஊர்களில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பார்கள், அங்கே காதால் அளந்தார்கள். அந்த வட்டாரத்துத் தரகர்கள் 'பள்ளிக்கு அருகில்' என்று விளம்பரம் போடுவதில்லை. 'மணி கேட்கும்' என்று போடுவார்கள்.

கேட்கிறதா இல்லையா என்று பார்க்க, பள்ளி திறப்பதற்கு முன் மணிக்காரர் வீடு வீடாக வருவார். அன்றைக்கு மட்டும் அவருக்குப் பதிலாகத் தோட்டக்காரர் மணியடிப்பார். மணிக்காரர் வீட்டுக்குள் நின்று காதைத் தீட்டிக்கொள்வார். சிக்கல் இங்கேதான். மீசை முளைத்த நாளிலிருந்து அந்தப் பெரிய வெண்கல மணிக்கு அடியிலேயே நின்று அடித்தவர் அவர். பாதிக் காது போய்விட்டது. வீட்டில் இருக்கிறவர்களுக்குக் கேட்டால் போதாது, அவருக்குக் கேட்க வேண்டும்.

"அப்போ செவிடருக்குக் கேக்கற வீடா பாக்கணும்," என்றாள் அண்ணியின் மகள். எதற்கும் சிரிக்கிற வயது அவளுக்கு.

"வாயை மூடுடி. அவர் கையிலதான் உன் எதிர்காலம் இருக்கு."

"கையில இல்லம்மா, காதுல."

இன்னொரு சிக்கல் எங்கள் வீட்டுக் கட்டிலிலேயே படுத்திருந்தது. அண்ணனுக்கு ஒரு கிடங்கில் இரவுக் காவல். பகலில்தான் தூக்கம். ஒரு கரண்டி கீழே விழுந்தால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவான். "எந்த வீடு வேணா பாரு, நான் குறுக்க வரமாட்டேன். எனக்கு வேண்டியது தூக்கம் ஒண்ணுதான்," என்று போர்வைக்குள்ளிருந்து சொன்னான்.

அண்ணி என் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கிட்டியா? மணி கேக்கற வீடும் வேணும், மணி கேக்காத வீடும் வேணும். ரெண்டும் ஒரே வீடா இருக்கணும். வீட்டைக் கட்டிப் பார்னு சொன்னானே, அவன் உங்க அண்ணனோட சேர்ந்து வாடகைக்குத் தேடிப் பார்த்திருக்கணும்."

எங்கள் தரகருக்கு நாங்கள் வைத்த பெயர் 'ரெண்டு நிமிஷம்'. எந்த வீட்டைக் கேட்டாலும் பள்ளிக்கு ரெண்டு நிமிஷம் என்பார். அந்த ரெண்டு நிமிஷத்தில் எங்களுக்குக் கால் வீங்கியது. ஒரு வீட்டில் குளிர்சாதனப் பெட்டியை மூடினால்தான் வாசல் கதவைத் திறக்க முடியும். இன்னொன்றில் சமையலறைக்கு நடுவே கட்டிடத்தின் தூண் நின்றது. அடுப்புக்கு ஒரு பக்கமும் பாத்திரம் கழுவ மறு பக்கமுமாக அதைச் சுற்றி வரவேண்டும். "வேண்டுதல் இருந்தா நல்ல வீடு," என்றாள் அண்ணி. மூன்றாவது வீட்டுக்காரர் எங்கள் நான்கு பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சின்னக் குடும்பமாத்தான் எதிர்பார்த்தோம்," என்றார்.

"சின்னக் குடும்பம்தாங்க. இவரு தரகரு. இவரையும் சேர்த்து எண்ணிட்டீங்க."

"அப்போ மூணு பேரா?"

"இல்லீங்க, நாலு பேருதான். ஒருத்தர் வீட்டுல தூங்கறாரு."

கடைசியில் ரெண்டு நிமிஷம் உண்மையாகவே பள்ளியின் பின் தெருவில் ஒரு ஃபிளாட்டைக் காட்டினார். இரண்டாவது மாடி. ஹால் அண்ணியின் தள்ளுமுள்ளுப் பரீட்சையில் தேறிவிட்டது. சமையலறையில் தூண் இல்லை. அண்ணியின் முகம் மலர்ந்தது. "மணி கேக்குமா?"

"கேக்குமாவா? காதைப் பொத்திக்கிட்டுத்தான் இருக்கணும்," என்றார் தரகர்.

"எங்கே, இப்ப கேக்கலையே?"

"லீவுல யாரும்மா மணியடிப்பா?"

அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. பள்ளி மூடிக் கிடக்கிறது. இத்தனை நாளும் மணியே அடிக்காத காலத்தில் மணி கேட்கிற வீட்டைத் தேடி அலைந்திருக்கிறோம். மகள் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தரகருக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை.

அண்ணி எதற்கும் அசருகிறவள் இல்லை. பைக்குள் கையை விட்டு, தன் வேலை விசிலை எடுத்து என் கையில் வைத்தாள். "பள்ளிக்கூட கேட்டுக்குப் போ. நல்லா மூச்சு இழுத்து ஊது. இங்கே கேட்டா மணியும் கேக்கும்."

"நானா? தெருவுலயா? அண்ணி, இவளை அனுப்புங்களேன்."

"அவ ஊத மாட்டா, சிரிப்பா. நீதான் சிரிக்காம ஊதுவே. ஊமைக்குசும்பி மாதிரி நிக்காதே, போ."

போனேன். பள்ளி வாசலை ஒட்டி பஸ் நிறுத்தம். ஒரு பஸ் நின்றிருந்தது. சன்னலோரம் எல்லாம் முகங்கள். அத்தனை முகங்களுக்கு முன்னால் விசிலை வாயில் வைக்கக் கூச்சமாக இருந்ததால், பஸ்ஸின் பின்பக்கமாகப் போய், மதிலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். யாராவது பார்த்தால் மதிலில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படிக்கிறேன் என்று நினைக்கட்டும். முதலில் ஊதியதில் காற்றுதான் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே இருந்த மூச்சையெல்லாம் கூட்டி ஊதினேன். அது ஊரைத் தூக்கியது. பயந்துபோய் விசிலை வாயிலிருந்து எடுத்தேன். அண்ணிக்குக் கேட்டிருக்காதோ என்று சந்தேகம் வந்தது. இன்னொரு முறை ஊதினேன்.

என் முதுகுக்குப் பின்னால் பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது.

ஒரு விசில் நிற்க, இரண்டு விசில் போக. கண்டக்டர் வீட்டில் இருந்துகொண்டு இது எனக்குத் தெரியாதா? தெரியும். வாயில் வைக்கும்போது ஞாபகம் வரவில்லை. டீக்கடையிலிருந்து ஒல்லியான ஒரு ஆள் கையில் கிளாஸோடு பாய்ந்து வந்தார். அந்த பஸ்ஸின் கண்டக்டர் அவர்தான். "என் பஸ்ஸு! டிரைவர் அண்ணே! ஏய், நில்லுங்க!" பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு அம்மா தலையை நீட்டி, "ஐயோ, கண்டக்டர் ஏறலை!" என்றார். அதைக் கேட்டுப் பின் சீட்டுக்காரர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். டிக்கெட் எடுக்காத சந்தோஷமாக இருக்கலாம். தெருக்கோடியில் போய்த்தான் பஸ் நின்றது.

ஓடியவர் பாதியில் நின்று என்னைப் பார்த்தார். "ஏம்மா, என் பஸ்ஸுக்கு ரைட் குடுக்க நீ யாரு?"

 விசில் இன்னும் வாயிலேயே இருந்தது. பதில் சொல்ல நினைத்து மூச்சு விட்டேன், அது இன்னொரு தரம் கூவியது.

அதற்குள் அண்ணி மகளையும் இழுத்துக்கொண்டு பின் தெருவிலிருந்து ஓடி வந்துவிட்டாள். அவர் அவளுடைய டிப்போக்காரர்தான். "நினைச்சேன்! உங்க வீட்டு ஆளா?" என்றார்.

"டீ குடிக்கறப்போ ஒரு கையில பஸ்ஸைப் பிடிச்சுக்கணும் அண்ணே. போங்க, பஸ்ஸு போயிடப் போகுது," என்று அவரை அனுப்பிவிட்டு என்னிடம் வந்தாள். "எப்ப ஊதப் போறே? நாங்க அங்கே காத்துக்கிட்டே நிக்கறோம்."

"ஊதிட்டேன் அண்ணி."

"ஊதிட்டியா? எங்களுக்கு ஒண்ணுமே கேக்கலையே!"

பஸ்ஸையே கிளப்பிவிட்ட விசில் பின் தெருவில் கேட்கவில்லை. அப்படியென்றால் அந்த வீடும் கை நழுவியது. அண்ணி மதிலோரத்துக் கல்லில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே குறைவு, வேலையும் நிற்கிற வேலை. "மணிக்காரரு வர்ற நாள் நெருங்கிடுச்சு. இனி எந்த வீட்டைப் போய்ப் பார்க்க?" என்றாள். மகள்கூடச் சிரிப்பை விட்டுவிட்டு அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

அப்போது தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அங்கே முன்னால் ஒரு பெரிய கட்டிடம், அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாற்போல ஒரு பழைய குடியிருப்பு. அதன் ஒரு ஓரம் மட்டும்தான் தெரிந்தது. அந்த ஓரத்தின் உச்சியில் ஒரு சின்ன ஜன்னலில், தலையில் துணி கட்டிய ஒரு அம்மா துடைப்பத்தோடு தெரிந்தார். "யாரும்மா அது விசில் அடிச்சது? பாத்ரூம் கழுவிக்கிட்டு இருக்கேன், காதுக்குள்ள வந்து அடிச்ச மாதிரி கேக்குது! வாளியைக் கவுத்துட்டேன்!"

அண்ணி மன்னிப்புக் கேட்க எழுந்தாள். என் கண் அந்த ஜன்னலைத் தாண்டிப் போனது. பக்கத்து ஜன்னலில் திரை இல்லை. கொடியில் துணி இல்லை.  திரைக்கு ஓரம் அடிக்கிறவளுக்கு அதுதான் முதலில் கண்ணில் படும்.

"அந்த வீடு காலியா?" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது. அண்ணி என்னை யாரோ போலத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க வீடுதான். நேத்து காலி பண்ணாங்க! உனக்கு யார் சொன்னா?" என்றார் அந்த அம்மா.

படியேறினோம். ஹால் சின்னது, ஆனால் பரீட்சை வைக்க அண்ணிக்கு மனம் இல்லை. முன்னால் நின்ற பெரிய கட்டிடம் தெருச் சத்தத்தையெல்லாம் வாங்கிக்கொண்டது. ஹாலிலும் படுக்கையறையிலும் கிணற்றுக்குள் இருப்பது போல அமைதி. மகளைக் கீழே அனுப்பினோம். சிரித்தாலும் பரவாயில்லை, ஒரே ஒரு தரம் ஊதினால் போதும் என்று அண்ணி மிரட்டி அனுப்பினாள். ஹாலில் நின்றோம், ஒன்றும் இல்லை. படுக்கையறை, ஒன்றும் இல்லை. குளியலறைக்குள் நுழைந்த அண்ணி "ஐயோ!" என்று காதைப் பொத்தினாள். அதன் ஜன்னல் இரண்டு கட்டிடங்களுக்கு நடுவிலிருந்த ஒரு இடுக்கைப் பார்த்திருந்தது. ஆள் போக முடியாது, பூனை போகலாம். அந்த இடுக்கு நேராகப் பள்ளி வாசலில் போய் முடிந்தது.

"படுக்கிற ரூம்ல கேக்கலை. குளிக்கிற ரூம்ல கேக்குது." அண்ணி வீட்டுக்கார அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அம்மா, இது வீடில்லம்மா. எங்க வீட்டுக்காரருக்கும் எங்க பொண்ணுக்கும் நடுவுல பேசி முடிச்ச பஞ்சாயத்து!"

அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அண்ணியைப் பிடித்துப்போயிற்று. "எனக்கு ஒரே ஒரு கண்டிஷன்தான். இந்தப் பொண்ணு இனிமே விசில் அடிக்கக் கூடாது," என்று என்னைக் காட்டினார்.

பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் மணிக்காரர் வந்தார். வெள்ளை மீசை, தேய்த்த சட்டை, கல்யாண வீட்டுப் பெரியவர் மாதிரி நடை. அண்ணன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்பக் கூடாது என்று நாங்கள் ரகசியக் குரலில் பேசினோம். ரகசியக் குரல் மணிக்காரருக்குக் கேட்கவில்லை.

"ஐயா, பாத்ரூமுக்கு வாங்க," என்றாள் அண்ணி மெதுவாக.

"ஆங்?"

"பாத்ரூம்!"

மணிக்காரர் கூச்சத்தோடு கையை அசைத்தார். "வேண்டாம்மா, எனக்கு இப்ப அவசரம் ஒண்ணும் இல்லை."

மகள் முகத்தைத் துப்பட்டாவில் புதைத்துக்கொண்டாள். அண்ணிக்கு வேறு வழி தெரியவில்லை. டிக்கெட் கேட்கிற குரலை எடுத்துவிட்டாள். "மணி அங்கேதாங்க நல்லாக் கேக்கும்! உள்ளே போங்க, உள்ளே போங்க!"

அவர் போனார். அண்ணி போனாள். மகள் போனாள். நான் கதவுக்குப் பின்னால் வாளிக்குள் ஒரு காலை வைத்து நின்றேன். கதவைச் சாத்தினோம். மணிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.  தடதடவென்று சத்தம்.

"கேக்குது!" என்றார் மணிக்காரர். அண்ணி ஒரு குதி குதித்தாள். உடனே அவர் கையைத் தூக்கினார். "இல்லை. இது மணி இல்லை. கதவு."

அண்ணன்தான். அண்ணி போட்ட சத்தத்தில் எழுந்துவிட்டான். "யாரு உள்ளே? சீக்கிரம் வாங்க!" என்று தட்டினான்.

"இருங்க, கூட்டமா இருக்கு!" என்று அண்ணி உள்ளேயிருந்து கத்தினாள்.

"பாத்ரூம்ல என்ன கூட்டம்?"

அந்தக் கேள்விக்கு நடுவில் மணி அடித்தது. ஜன்னல் வழியாக வந்து, பளிங்குக் கற்களில் மோதி, எங்கள் நால்வரின் தலையையும் சுற்றிக்கொண்டு போனது. என் காலடியில் வாளியே அதிர்ந்தது. நாங்கள் மூவரும் மணிக்காரரின் முகத்தையே பார்த்தோம்.

 அண்ணி என் கையை நசுக்கினாள்.

"கேட்டுச்சா ஐயா?"

"கேட்டுச்சு." அவர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. "ஆனா விதி வேற சொல்லுதேம்மா. வீட்டுல கேக்கணும்னுதான் இருக்கு. இது பாத்ரூம் ஆச்சே."

"பாத்ரூம் என்ன வெளியூரா? வாடகையில இதுவும் சேர்த்திதாங்க!"

மணிக்காரரின் மீசை ஆடியது. அவர் சிரிக்கிறார் என்று புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. "அடிச்சு முடிச்சதும் ஒரு வால் இழுக்கும், தெரியுமா? கொய்ங்ங்னு. என் காதுக்கு அது வந்து ரொம்பக் காலம் ஆச்சு. டம்முனு ஒண்ணுதான் கேக்கும், அத்தோட சரி. இங்கே வால் கேக்குதும்மா." தோட்டக்காரர் இடைவெளி விட்டு மறுபடி அடிப்பாராம். "இன்னும் ஒரு தரம் கேட்டுட்டுப் போறேனே?"

"நூறு தரம் கேளுங்க. எங்க பொண்ணுக்கு இடம் உண்டுங்களா?"

"அதுதான் கேட்டுச்சுன்னு சொல்லிட்டேனே. அந்தப் பிள்ளையை நல்லாப் படிக்கச் சொல்லு. கொஞ்சம் நகரச் சொல்லு, ஜன்னலை மறைக்குது."

அண்ணன் அதற்குமேல் பொறுக்கமுடியாமல் கீழ் வீட்டிலிருந்த வீட்டுக்கார அம்மாவின் கதவைத் தட்ட ஓடினான். அண்ணி மகளைக் கட்டிக்கொண்டாள். அந்த இடத்தில் நாலு பேருக்கு நடுவே கட்டிக்கொள்வது சாதாரண வேலை இல்லை. குழாய் திறந்துகொண்டு மூவரும் நனைந்தோம். மணிக்காரர் மட்டும் சுவரோரம் நனையாமல் நின்று, அடுத்த மணிக்காகக் காத்திருந்தார்.

பள்ளி திறந்த காலையில் குளியலறைக்கு வரிசை நின்றது. வேலையிலிருந்து வந்த அண்ணன், வேலைக்குப் போகிற அண்ணி, சீருடைக்குக் கடைசி ஓரம் அடித்துவிட்டு வந்த நான். உள்ளே மகள். பக்கத்திலேயே பள்ளி என்கிற தைரியத்தில் பாட்டுப் பாடிக்கொண்டு குளித்தாள். முதல் மணி அவள் தலைக்கு மேலேயே அடித்தது. பாட்டு நின்றது. ஒரு பக்கெட் உருண்டது.

"அத்தை, சட்டை! அத்தை, சட்டை!"

ஈரத் தலையோடு சட்டையை மாட்டினாள். பின்னலுக்கு நேரம் இல்லை, ரிப்பனை வாயில் கவ்விக்கொண்டாள். "பக்கத்துல வீடு பார்த்ததுதான் தப்பாப் போச்சு!" என்று அண்ணி பையைத் தூக்கிக் கொடுத்தாள். மகள் படிகளில் தடதடவென்று இறங்கினாள். அவள் தெருவைக் கடப்பதைப் பார்க்கலாம் என்று நான் குளியலறை ஜன்னலுக்கு ஓடினேன். திரையை விலக்கி எட்டிப் பார்ப்பதற்குள் அவள் பள்ளி வாசலைத் தாண்டி உள்ளே போயிருந்தாள். அவ்வளவு பக்கம்.